வில்லாபுரம் லீலாவதியும் நம்ம ஊர்க் குழாயடியும்



இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு நம்ம கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது, "நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, எனக்கு என்னங்க்கா வரலாறு தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். அதுக்கு அவங்க, "ராஜா ராணி கதையா எழுதச் சொன்னேன்? அன்னைக்குக் காந்திபுரத்துல நம்ம மதுரை அக்கா சொன்னாங்கல்ல, அதை எழுது கண்ணு. நம்ம பொம்பளைங்க நெறைய பேருக்கு அது தெரியாது" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

அன்னைக்கு நாங்க ஏழு பேர் மகளிர் திட்டப் பயிற்சி முடிஞ்சு காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுல ஊர் பஸ்ஸுக்காக நின்னுட்டு இருந்தோம். நல்ல வெயில். பேச்சு வழக்கம்போல தண்ணியில் வந்து நின்னுச்சு. எங்க வீதிக்கு நல்லதண்ணி வந்து எட்டு நாள் ஆச்சு, டேங்க் ஆப்பரேட்டரைக் கேட்டா மேலே கேளுங்கங்கிறார், மேலே கேட்டா மோட்டார் ரிப்பேருங்கிறாங்கன்னு நான் பொலம்பிட்டு இருந்தேன். அப்போ எங்க குழுவில் இருக்கிற மதுரை அக்கா (கல்யாணமாகி இருபது வருசத்துக்கு மேல நம்ம ஊர்லதான் இருக்காங்க) மெதுவா சொன்னாங்க. "தண்ணியைக் கேட்டதுக்கு எங்க ஏரியாவுல ஒரு பொம்பளையை வெட்டியே போட்டாங்க. அவங்க எங்க கவுன்சிலர். அப்போ நான் சின்னப்புள்ள."

பஸ் வந்துச்சு. நாங்க யாரும் ஏறலை. அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனோம்.

அவங்க சொன்னதோட, பிறகு நான் படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பத்து வருசம் தேர்தல் இல்லாத காலம்

லீலாவதி கதைக்கு முன்னாடி ஒரு விசயம் தெரிஞ்சுக்கணும். நம்ம தமிழ்நாட்டில் 1986இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதுக்கப்புறம் அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான். நடுவில் பத்து வருசம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி தலைவரும் இல்லை, மெம்பரும் இல்லை, அதிகாரிகள்தான் பார்த்துக்கிட்டாங்க. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் வேற ஆளுங்க வந்து உட்கார்ந்துக்குவாங்க இல்லையா? தண்ணி, குளத்து மீன், மரம், மணல், கடைவீதி வசூல் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருத்தர் கைக்குள்ள வெச்சுக்கிட்ட ஊர்கள் நிறைய.

1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை ஊராட்சித் தேர்தல் கட்டாயம், பெண்களுக்கு மூணில் ஒரு பங்கு இடம், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மக்கள் தொகைக்கு ஏத்த இடம் என்று அதில்தான் வந்தது. நகரங்களுக்கு 74ஆவது திருத்தம். 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல் நடந்தபோது அதுவரை அடுப்படியை விட்டு வெளியே வராத ஆயிரக்கணக்கான பெண்கள் முதல் தடவையா மெம்பரா, தலைவியா, கவுன்சிலரா உள்ளே போனாங்க.

அப்படிப் போனவர்களில் ஒருத்தர்தான் லீலாவதி.

வில்லாபுரத்தில் நடந்தது

லீலாவதி கைத்தறி நெசவு செய்யும் குடும்பத்துப் பெண். மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். மதுரை மாநகராட்சியில் வில்லாபுரம் பகுதிக்கு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் நின்று 1996இல் கவுன்சிலர் ஆனார். நம்ம மலர் கட்சி மலர் கிடையாது. அவர் எந்தக் கட்சி என்று மறைக்கத் தேவையில்லை என்பதால் எழுதினேன். மற்றபடி இதில் பேசப்போறது கட்சியைப் பத்தி இல்லை.

வில்லாபுரம் நெசவாளர்களும் கூலி வேலைக்காரர்களும் நிறைந்த பகுதி. அங்கே நல்லதண்ணிக்குப் பெரும்பாடு. மதுரை அக்கா சொன்னாங்க: "எங்க அம்மா விடியக்காலம் எந்திரிச்சுக் குடத்தை எடுத்துட்டுப் போவாங்க. லாரித் தண்ணியைக் காசு குடுத்து வாங்கணும். யாரு விக்கிறாங்களோ அவங்களை எதுத்துப் பேச முடியாது. பேசினா மறுநாள் நம்ம குடத்துக்குத் தண்ணி கிடையாது."

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க சகோதரிகளே. தண்ணி அரசாங்கத்துடையது. குழாய் போடுறது மாநகராட்சி வேலை. ஆனா குழாய் வராம இருந்தாத்தான் தண்ணி விக்கிறவருக்கு லாபம். அவருக்கு லாபம் மட்டும் இல்லை, அதிகாரமும் கூட. அந்தத் தெருவில் யார் வாயைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது, யாருக்கு ஓட்டு போடணும் என்று எல்லாம் அவர் சொல்றதுதான். ஒரு குடம் தண்ணியை வெச்சு ஒரு தெருவையே கட்டி வெச்சிருக்கலாம்.

லீலாவதி செய்தது ரொம்ப சாதாரண காரியம். தன் வார்டுக்கு மாநகராட்சிக் குடிநீர் குழாயில் வரணும் என்று விடாம கேட்டார். மனு கொடுத்தார், கூட்டத்தில் பேசினார், பெண்களைச் சேர்த்துக்கிட்டுப் போனார். வேலையும் நடந்தது. குழாய்த் தண்ணி வருகிற நிலைமை வந்தது. அவர் கவுன்சிலர் ஆகி அப்போ ஏழு மாசம்கூட முழுசா ஆகலை.

1997 ஏப்ரல் 23. பட்டப்பகலில், அவர் குடியிருந்த அதே பகுதியில், தெருவில் வைத்து ஒரு கும்பல் அவரை வெட்டிக் கொன்றது. 73ஆவது திருத்தம் அமலுக்கு வந்து நாலு வருசம் முடிய அப்போ ஒரே ஒரு நாள்தான் பாக்கி. இப்போ நாம ஏப்ரல் 24ஐ தேசிய ஊராட்சிகள் தினம் என்று கொண்டாடுகிறோம். எனக்கு அந்தத் தேதி வரும்போதெல்லாம் முந்தின நாள்தான் ஞாபகம் வருது.

"எங்க அம்மா எங்களை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாங்க. அப்புறம் அவங்களே கதவைத் திறந்துட்டு வெளியே ஓடினாங்க. தெருவுல அத்தனை பொம்பளைங்களும் அழுதுட்டு நின்னாங்க" என்று மதுரை அக்கா சொன்னபோது அவங்க குரல் கம்மிப் போச்சு. இத்தனை வருசம் ஆகியும்.

வழக்கு நடந்தது. உள்ளூர் அரசியலில் இருந்தவங்க அதில் குற்றவாளிகள் என்று கோர்ட்டு சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை கிடைச்சது நியாயம்தான். ஆனா வீட்டுக்கு அம்மா திரும்பி வரலை.

அதே வருசம் மேலவளவு

லீலாவதி போய் மூணு மாசம் ஆகிறதுக்குள்ள, அதே மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம் மேலவளவு ஊராட்சியில் இன்னொரு கொடுமை நடந்தது. இது நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க.

1996இல் மேலவளவு தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதை ஊரில் ஆதிக்கம் செய்தவங்க ஏத்துக்கலை. மனு போட்டவங்களை மிரட்டி வாபஸ் வாங்க வெச்சாங்க. மறுபடி தேர்தல் வெச்சபோது ஓட்டுப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க. கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோட ஓட்டுப்பதிவு நடந்து முருகேசன் என்பவர் தலைவர் ஆனார். தலைவர் ஆனாரே தவிர, ஆபீசில் உட்கார்ந்து நிம்மதியா வேலை பார்க்க முடியலை. 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டினாங்க. ஆறு உயிர் போச்சு. துணைத் தலைவர் மூக்கனும் அதில் ஒருவர். இந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை ஆனது.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளிலும் இதே காரணத்துக்காகப் பத்து வருசம் ஒழுங்கா ஒரு தலைவர் இருக்க முடியலை. தேர்தலே நடக்காது, நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். 2006இல்தான் அங்கே முறையா தேர்தல் நடந்தது.

இது சாதி வெறிதானே, இதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சாதி வெறிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனா அந்த நாற்காலி வெறும் நாற்காலியா இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று யோசிக்கணும். ஊராட்சித் தலைவர் கையில் என்ன இருக்கு? கண்மாய் மீன் குத்தகை, மரம் ஏலம், புறம்போக்கு இடம், தெருவிளக்கு, தண்ணி, ரோடு போடுற வேலை, வீட்டு வரி, தொகுப்பு வீடு யாருக்கு என்கிற பட்டியல். இதையெல்லாம் பல தலைமுறையா ஒரே கூட்டம் அனுபவிச்சுட்டு இருக்கும்போது, புதுசா ஒருத்தர் வந்து நோட்டைத் திறந்து கணக்கு எழுத ஆரம்பிச்சா, அனுபவிச்சவங்களுக்குப் பொறுக்காது. அவர் தாழ்த்தப்பட்டவராவோ பெண்ணாவோ இருந்துட்டா, "இவங்களா நம்மகிட்ட கணக்கு கேக்கிறது" என்று ரெண்டு மடங்கு கோபம் வருது.

எல்லாம் மதுரைப் பக்கம்தானா?

நம்ம கொங்குப் பக்கம் இப்படியெல்லாம் கிடையாது, நாம சாந்தமான சனம் என்று நாமளே பெருமையாச் சொல்லிக்குவோம். நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

நம்ம பக்கமும் தண்ணிக்கும் கரண்டுக்கும் உயிர் போயிருக்கு. 1970 ஜூன் 19 அன்று திருப்பூர் பக்கத்தில் பெருமாநல்லூரில், பம்புசெட் கரண்டு கட்டணத்தை ஏத்தியதை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூணு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. அன்னைக்கு அது கோவை மாவட்டம். அங்கே அவங்களுக்கு நினைவிடம் இருக்கு. அவ்வழியா பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், என்னவென்று கேட்டதில்லை.

அது அரசாங்கத்துக்கும் விவசாயிக்கும் நடந்தது. ஊருக்குள்ளேயே நடக்கிறதும் இருக்கு. 2020இல் நம்ம கோவை மாவட்டம் சுல்தான்பேட்டை ஒன்றியத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் தலைவி, தன்னை நாற்காலியில் உட்காரக் கூடாதென்று மிரட்டுறாங்கன்னு போலீசில் புகார் கொடுத்தார். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம், கல் குவாரி பத்திப் புகார் கொடுத்துக்கிட்டே இருந்த ஒரு விவசாயி மேலே வண்டியை ஏத்திக் கொன்னாங்க. கொலை வழக்குப் போட்டு குவாரி முதலாளியையே கைது செய்தாங்க. கல்லும் மணலும் மண்ணுக்குள்ள இருந்தா அது அரசாங்கச் சொத்து. வெளியே எடுத்தா யார் சொத்து என்பதில்தான் சண்டையே.

தெக்கே தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் 2023 ஏப்ரலில், மணல் திருட்டைத் தடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் ஆபீசுக்குள்ளேயே புகுந்து வெட்டினாங்க. அதுக்கு முன்னாடி 2011 ஜூன் 13 அன்று திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவி கிருஷ்ணவேணியை ஆட்டோவில் வரும்போது மறித்து வெட்டினாங்க. அவர் உயிர் பிழைத்தது பெரிய அதிசயம். அவர் செய்த குத்தம், பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட இடம் பார்த்தது. கழிப்பறைங்க! நம்ம எல்லாருக்கும் தெரியும் அது இல்லாத கஷ்டம்.

இதையெல்லாம் வரிசையா எழுதினது உங்களைப் பயமுறுத்த இல்லை. ஒண்ணைக் கவனிக்கணும் என்பதுக்குத்தான். இதில் ஒருத்தரும் பெரிய பதவிக்குச் சண்டை போட்டவங்க கிடையாது. குழாய், கழிப்பறை, குவாரி, மணல், ஊராட்சி நாற்காலி இவ்வளவுதான். பொதுச் சொத்து பொதுவுக்கே போகணும் என்று கேட்டாங்க.

என் சொந்த அனுபவம்

இப்போ என் கதைக்கு வரேன். எங்க ஊர் பேரும் ஆட்கள் பேரும் எழுதலை. அவங்களும் எங்களோட தினமும் முகம் பார்க்கிறவங்கதான்.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் நான் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மோட்டார் ரிப்பேர்னு இந்த வருசம் எத்தனை தடவை பில் போட்டிருக்கீங்க, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" அவ்வளவுதான். கை நடுங்குச்சு. பதில் யாரும் சொல்லலை. "அடுத்த கூட்டத்துல பார்த்துச் சொல்றோம்மா, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் சாயந்திரம் எங்க வீட்டுக்காரர் தறியில் இருந்து வரும்போது டீக்கடையில் ரெண்டு பேர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்காங்க. ரொம்ப மரியாதையா, "மாப்ளை, வீட்டுல அம்மிணியைக் கொஞ்சம் பார்த்துப் பேசச் சொல்லுங்க. பொட்டப்புள்ள வெச்சிருக்கீங்க, ரோட்டுல போக வர இருக்கும்" என்று சொல்லியிருக்காங்க. அடிக்கலை, திட்டலை, குரல்கூட உயர்த்தலை. வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி சோறு சாப்பிடலை. "இனிமே நீ எந்தக் கூட்டத்துக்கும் போக வேண்டாம். நமக்குத் தண்ணி வராட்டிப் போகட்டும், சைக்கிள்ல கொண்டு வந்து ஊத்தறேன்" என்றார். என் மேல இருக்கிற அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் பயம்தான். பொண்ணை ஒரு வாரம் நானே ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் நான் பேசவே இல்லை. சேமிப்பைக் கட்டிட்டு எந்திரிச்சேன். மதுரை அக்காதான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சு என்னன்னு கேட்டாங்க. சொன்னதும் குழுவில் ரெண்டு விதமா பேச்சு வந்தது. "நாம லோன் வாங்கறோம், கட்டறோம், அதோட நிறுத்திக்கலாம். ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதுக்கு?" என்று சிலர் சொன்னாங்க. அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு.

அப்போ மதுரை அக்கா சொன்னதை அப்படியே எழுதறேன். "லீலாவதி அக்கா செத்தப்போ மதுரையே திரண்டு வந்துச்சு. அத்தனை சனம். ஆனா அவங்க உசிரோட நின்னு கேட்டப்போ அவங்க பக்கத்துல நாங்க எத்தனை பேரு நின்னோம்? எங்க அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே அழுவாங்க. நீ ஒருத்தியா எந்திரிச்சது தப்பு. கேட்டது தப்பில்ல."

அதுக்கப்புறம்தான் ஒரு முடிவு எடுத்தோம். அந்த வருசம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கும் கிராம சபை என்று அரசு அறிவிச்சிருந்தது. அதுக்குள்ள எங்க ஊராட்சியில் இருக்கிற மத்த குழுக்களிடமும் போனோம். ஒரே மனு, ஒரே கேள்வி, கீழே 64 கையெழுத்து. யார் முதலில் எழுதினாங்கன்னு தெரியக் கூடாதென்று வட்டமா கையெழுத்துப் போட்டோம். இந்த யோசனை எங்க குழுவில் வயசில் மூத்த பாட்டி சொன்னது. அவங்க கைநாட்டு.

கிராம சபை அன்னைக்கு 64 பேரும் வரலை. 41 பேர் வந்தாங்க. சிலரை வீட்டில் விடலை. வந்த 41 பேரும் முன்னாடி பாயில் உட்கார்ந்தோம். மனுவை ஒருத்தர் படிச்சார். பதில் வரும் வரைக்கும் எந்திரிக்கலை, சத்தமும் போடலை. மனுவைத் தீர்மான நோட்டில் பதிவு பண்ணச் சொன்னோம், பதிவு பண்ணினதும் வாசிச்சுக் காட்டச் சொன்னோம். வெளியூரில் இருந்து வந்த பார்வையாளர் அதிகாரி பார்த்துட்டே இருந்தார். அன்னைக்கு மோட்டார் பில் எல்லாத்தையும் நோட்டில் இருந்து வாசிச்சாங்க. தொகையைக் கேட்டதும் ஆம்பளைங்க பக்கத்தில் இருந்தே ரெண்டு பேர் எந்திரிச்சுக் கேள்வி கேட்டாங்க.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். எட்டு நாளைக்கு ஒரு தடவை வந்த தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை வருது. எந்த வீதிக்கு என்னைக்கு என்று டேங்குக்குக் கீழே போர்டு எழுதி வெச்சிருக்காங்க. பழைய பில் விசயம் அப்படியே நிக்குது. அந்த ரெண்டு பேரும் இப்பவும் டீக்கடையில் உட்கார்ந்திருக்காங்க. ஆனா எங்க வீட்டுக்காரரை அதுக்கப்புறம் கூப்பிடலை. 41 வீட்டுக்காரருக்கும் டீ வாங்கிக் கொடுக்க முடியாதுல்ல!

நமக்குத் தெரிஞ்ச கணக்குத்தான்

நம்ம மகளிர் திட்டம் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களா ஆரம்பிச்சு, 1997-98இல் மகளிர் திட்டம் என்கிற பேரில் மாநிலத்தில் விரிஞ்சது. லீலாவதி செத்த அதே வருசம். எனக்கு இது சும்மா ஒத்துப்போனதாத் தெரியலை. தனியா நின்ன ஒரு பெண் வெட்டுப்பட்ட வருசத்தில்தான், பெண்கள் பன்னெண்டு பேர், இருபது பேர் என்று சேர்ந்து உட்காரக் கத்துக்க ஆரம்பிச்சிருக்கோம்.

ஊராட்சிக் கணக்கு நமக்குப் புரியாதென்று நினைக்க வேண்டாம். நம்ம குழுவில் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பேங்கில் பணம் எடுக்க முடியும். ஊராட்சியிலும் அப்படித்தான், தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் செக்கில் கையெழுத்துப் போடணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா பெண் தலைவியையோ தாழ்த்தப்பட்ட தலைவரையோ மடக்கணும்னா, துணைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன்னு உட்கார்ந்துட்டாப் போதும். லைட்டு பல்பு மாத்தக்கூட பணம் வராது. ஊர்ச்சனம் தலைவியைத்தான் திட்டும். கத்தி எடுக்காம நடக்கிற வன்முறை இது. நாம இதைத் தெரிஞ்சு வெச்சிருந்தா, "தலைவியம்மா ஒண்ணும் செய்யலை" என்று நாமளும் சேர்ந்து திட்ட மாட்டோம்.

நம்ம குழுவில் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் எழுதறோம். தணிக்கை வருது. அஞ்சு ரூபாய் குறைஞ்சா அத்தனை பேரும் கேக்கிறோம். கேட்டா யாரும் கோவிச்சுக்கிறதில்லை, ஏன்னா அது எல்லார் பணமும். ஊராட்சிப் பணமும் அதே மாதிரி எல்லார் பணமும்தான்.

வருசத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு தேதியையும் நம்ம கூட்டமைப்புத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வெக்கணும் என்று கேட்டுக்கிறேன்.

இன்னொண்ணு. 2016இல் நம்ம மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினாங்க. ஆனா அந்த வருசம் நடக்க வேண்டிய தேர்தல் நின்னுபோய் 2019 டிசம்பரில்தான் ஊராட்சிகளுக்கு நடந்தது. மூணு வருசத்துக்கு மேல தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த ஆள் இல்லாததால் மத்திய அரசு மானியமும் நின்னுபோச்சு. 2025 ஜனவரி 5ஆம் தேதியோட அந்தப் பதவிக்காலமும் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்தாங்க. 1986க்கும் 1996க்கும் நடுவில் நடந்ததை மேலே எழுதியிருக்கேன். தலைவர் இல்லாத காலத்தில்தான் நாம இன்னும் கவனமா கணக்கைப் பார்க்கணும்.

தேர்தல் வரும்போது நம்ம கூட்டமைப்புப் பெண்கள் நிறைய பேர் நிக்கணும். நிக்கிறவங்க பேருக்கு நின்னுட்டு, கையெழுத்தை வீட்டுக்காரரிடமோ வேறொருத்தரிடமோ கொடுத்துடக் கூடாது. நிக்காதவங்க, ஜெயிச்சவங்களைத் தனியா விட்டுடக் கூடாது. எந்தக் கட்சிக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா ஜெயிச்சு உள்ளே போன பெண் பொதுச் சொத்துக்காக ஒரு கேள்வி கேட்டா, அன்னைக்கு அவங்க பக்கத்துப் பாயில் நாம உட்கார்ந்திருக்கணும்.

மதுரை அக்கா இந்தக் கட்டுரையை நான் வாசிச்சுக் காட்டினபோது ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க அம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க. புஸ்தகம் வந்ததும் ஒண்ணு குடு, ஊருக்குப் போறப்ப கொண்டுபோறேன்" என்றார்கள். ஒரு பிரதி அவங்களுக்குத் தனியா எடுத்து வெக்கச் சொல்லித் தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.



இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு உறுப்பினர்